காற்று 12, அலை 0.8: பேடில் போர்டை இறக்கலாமா?

கேள்வி இதுதான்: நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகும், காற்று நிரப்பும் பேடில் போர்டு ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை 4 மணிக்குச் சென்னைக்கு அருகே உள்ள கோவளம் கடலில் இறங்கத் திட்டம். ஆகஸ்ட் விடுமுறைக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். வானிலை ஆப்பைத் திறந்தால் காற்று 12, அலை 0.8, ஓரளவு மேகம் என்று காட்டுகிறது. போகலாமா, எதை வைத்து முடிவு செய்வது?

சனிக்கிழமை மாலை கடல் வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் முட்டுக்காடு உப்பங்கழியில் இறங்குங்கள். மண்டபத்துக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். காரணங்கள் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த 12. எந்த 12? மணிக்கு 12 கிலோமீட்டரா, 12 நாட்டா? ஆப்பின் அமைப்பில் எது தேர்வாகியிருக்கிறதோ அது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் என்றால் ஆறரை நாட்தான். தண்ணீரில் சின்னச் சுருக்கம் விழும், முகத்தில் காற்று தெரியும், புதியவருக்கும் நல்ல நாள். 12 நாட் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்தால் இரட்டிப்புகூட ஆகவில்லை. ஆனால் காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் உடம்பில் மோதும் விசை மூன்று மடங்குக்கும் மேல். போர்டில் நிற்கும்போது உங்கள் உடம்பே பாய்தான். புதியவர் அமைதியான நீரில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவார். 12 நாட் எதிர்க்காற்றில் அந்த வேகத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும்; 15 நாட்டுக்கு மேல் போனால் துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் போகிற கூத்தும் நடக்கும்.

முதல் வருடத்துக்கு நான் சொல்லும் வரம்பு 8 நாட். 10 தாண்டினால் கரையிலேயே இருங்கள். சராசரி வேகத்துக்குக் கீழே திடீர் வீச்சுக்கென்று தனி வரிசை இருக்கும், அதையும் பாருங்கள். சராசரி 8, வீச்சு 10 என்றால் சீரான காற்று. சராசரி 8, வீச்சு 18 என்றால் அது 8 நாட் நாள் அல்ல. ஆப்புகள் காட்டுவது, வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காற்றைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் கணக்கு. கடலோரத்தில் ஒரே கட்டத்துக்குள் பாதி நிலமும் பாதி கடலும் விழுவதால், பெரிய கட்டங்களில் கணக்குப் போடும் மாதிரிகள் கடல்காற்றை அடிக்கடி குறைத்துக் காட்டும். இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மோசமானதை நம்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் மீனவர்களுக்கான எச்சரிக்கையைப் படியுங்கள். உங்கள் கடற்கரையின் பெயரைச் சொல்லி ‘மீனவர்கள் செல்ல வேண்டாம்’ என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஃபைபர் படகும் இயந்திரமும் வைத்திருப்பவர்களையே போகாதே என்கிறார்கள்.

இனி எண்ணைவிட முக்கியமான விஷயம்: காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? ஆப்பில் சின்ன அம்புக்குறியாகக் கிடக்கும், பலர் கவனிப்பதே இல்லை. கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் காற்று அலையைக் கிளப்பும், தண்ணீரைக் கலக்கும், உங்களைப் பத்து முறை தள்ளிவிடும். ஆனால் தள்ளுவது கரையை நோக்கி. சோர்ந்து போனால் போர்டில் குப்புறப் படுத்துக்கொண்டால் போதும், கரைக்குத் திரும்பிவிடலாம். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று இதற்கு நேர் எதிர். கரையோரம் தண்ணீர் தகடாகக் கிடக்கும். கட்டடங்களும் சவுக்குத் தோப்பும் காற்றை மறைப்பதால் முதல் நூறு மீட்டருக்கு ஒன்றுமே தெரியாது. முதுகில் லேசாகத் தள்ளுவதால் ‘நமக்கு நன்றாக வருகிறதே’ என்றுகூடத் தோன்றும். மறைப்பைத் தாண்டியதும் முழுக் காற்று பிடிக்கும். திரும்பிப் பார்த்தால் கரை நினைத்ததைவிடத் தூரம், காற்று நேர் எதிரில். தள்ளிப் போகப் போக அலையும் பெரிதாகும், ஏனென்றால் அலை வளரக் காற்றுக்கு நீர்ப்பரப்பு வேண்டும். அது அங்கேதான் கிடைக்கிறது. உலகம் முழுக்கப் பேடில் போர்டுக்காரர்களை மீட்புப் படகு போய் அள்ளிக்கொண்டு வரும் சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கதைதான்.

இப்போது கோவளத்துக்கு வருவோம். ஜூலையில் சென்னைக் கடற்கரையின் ஒரு நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். விடியற்காலையில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து. தென்மேற்குப் பருவக்காற்றின் வாலும் இரவு நிலக்காற்றும் சேர்ந்தது. வெயில் ஏறி நிலம் சூடானதும் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழையும், தென்கிழக்கிலிருந்து. ஏப்ரல், மே மாதங்களில் பதினொன்று, பன்னிரண்டுக்கே வந்துவிடும் காற்று, ஜூன், ஜூலையில் மேல்காற்று பலமாக இருந்தால் இரண்டு, மூன்று மணிவரைகூடத் தாமதமாகும். வராத நாளும் உண்டு. அன்றைக்கு ஊரே வேகும்.

ஆக நீங்கள் சொல்லும் மாலை 4 மணி கடல்காற்றின் உச்ச நேரம். கரைக்குத் தள்ளும் காற்று என்பதால் காணாமல் போகும் அபாயம் குறைவு. ஆனால் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தலைகள், கரையில் உடையும் அலை, தண்ணீரில் வெள்ளை நுரை. கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று 8, 10 நாட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் 12-க்கு மேல். ஆப் இல்லாமலே படிக்கக்கூடிய அளவுகோல் இது, செலவும் இல்லை.

சரி, அப்படியானால் அதே கடலில் காலை 6 மணிக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். தண்ணீர் அழகாக இருக்கும்தான். ஆனால் அந்த அழகே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மேல்காற்றால் வருவது. புதியவருக்கு மாலைக் கடலைவிட அந்தக் காலைக் கடல்தான் ஆபத்து என்பேன். அதனால்தான் உப்பங்கழி. எந்தத் திசைக் காற்றானாலும் ஏதாவது ஒரு கரையில் கொண்டுபோய் ஒதுக்கும், பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். அங்கேயும் காற்றை எதிர்த்துப் புறப்படுங்கள். களைத்த பிறகு காற்று வீட்டுக்குக் கூட்டிவரும். படகுத்துறைப் பக்கம் இயந்திரப் படகுகள் ஓடும், விலகியிருங்கள். மீன்பிடிக் கம்புகளும் வலைகளும் இருக்கும் இடங்களில் போர்டையும் உங்களையும் இணைக்கக் கணுக்காலில் கட்டும் லீஷ் கயிறு சிக்கிக்கொள்ளும். இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகையை வாங்குங்கள். கடலில் கணுக்கால் லீஷ்தான் சரி, அது இல்லாமல் இறங்கவே கூடாது: விழுந்ததும் போர்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது.

உப்பங்கழியில் ஒரே ஒரு இடத்துக்குப் பயப்படுங்கள்: முகத்துவாரம். மணல்திட்டு அடைத்திருக்கும் மாதங்களில் அது வெறும் மணல்மேடு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு திறந்திருக்கும்போது, ஓதம் வடியும் நேரத்தில் கழித்தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும். சென்னைப் பக்கம் ஏற்றவற்றம் பெரிதில்லை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனால் பரந்த நீர் சிறிய வாயில் வெளியேறும்போது அந்த ஒரு மீட்டர் போதும். எதிரே கடல்காற்றும் வீசினால் நீரோட்டமும் காற்றும் மோதி, செங்குத்தான அலைகள் நெருக்கமாக எழும். மழை கொட்டிய பிறகு இரண்டு மூன்று நாட்கள் எந்தக் கழியிலும் இறங்காதீர்கள். ஊர்ச் சாக்கடை, எலிக்காய்ச்சல் கிருமி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

அலை 0.8 மீட்டர் என்பதும் பாதித் தகவல்தான். ஆப்பில் வரும் உயரம், அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வருவது இயல்பு. அப்புறம் அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி, நொடிக்கணக்கில். 0.8 மீட்டர், 5 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய குத்தலை. எரிச்சலான தண்ணீர், அவ்வளவுதான். 0.8 மீட்டர், 15 நொடி என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ அடித்த புயல் அனுப்பியது. நடுக்கடலில் இருப்பதே தெரியாது, ஆழம் குறைந்ததும் நிமிர்ந்து உயர்ந்து உடையும். இடைவெளி 10 நொடியைத் தாண்டினால் உயரம் சின்னதாக இருந்தாலும் புதியவர் கடலில் இறங்க வேண்டாம்.

இதன் கடுமையான வடிவத்துக்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, இங்கே காற்றும் மழையும் எதுவுமில்லாத தெளிந்த நாளில் கரையில் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் தென்கோடியில் அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. அலை உயரம், இடைவெளி, திசை மூன்றையும் இன்காய்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காற்றுக்கு ஆப் பாருங்கள், அலைக்கு இன்காய்ஸ் பாருங்கள். எனக்கு அந்தப் பழக்கம்தான் ஒத்துவந்திருக்கிறது.

கரைக்குப் போனதும் போர்டுக்குக் காற்றடிக்கும் முன்பே கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் சில நிமிடம் அடங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அடங்கிய நேரத்தை மட்டும் பார்த்திருப்பார். அலை உடையும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நிறம் கருத்து, நுரையும் கலங்கலும் வெளியே போய்க்கொண்டிருந்தால் அது இழுப்பு, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் எல்லாரும் அதன் வழியாகத்தான் இறங்கப் பார்ப்பார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டி இது அடிக்கடி உருவாகும். கரையோர நீரோட்டத்தை அறிய ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை உடையும் அலைக்கு அப்பால் விழும்படி வீசுங்கள். அது போகும் பக்கமே நீங்களும் மணலில் நடங்கள். இருபது நொடியில் பத்து மீட்டர் நகர்ந்தால் நீரோட்டம் ஒரு நாட். உங்கள் துடுப்பு வேகத்தில் பாதியை நெருங்கிவிட்டது. மட்டை பாதி மேலே மிதப்பதால் காற்றும் கொஞ்சம் தள்ளியிருக்கும், அதனால் என்ன, உங்களையும் அப்படித்தானே தள்ளப் போகிறது.

அப்புறம், வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேளுங்கள். ‘போகலாமாண்ணே?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘போ தம்பி’ என்று சொல்லிவிடலாம். ‘காத்து எப்ப ஏறும்ணே? தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?’ என்று கேளுங்கள். ‘பத்து மணிக்கு மேல நிக்காது, அதுக்குள்ள வந்துடு’ என்பதுபோல ஒரு பதில் வரும். எந்த ஆப்பும் அந்தத் துல்லியத்தில் சொல்லாது. கேட்க ஆளே இல்லை, படகுகள் எல்லாம் வழக்கத்தைவிட மேலே ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன என்றால், அதுவும் பதில்தான்.

மாலை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் இடி. ஜூன் முதல் செப்டம்பர்வரை சென்னைக்கு வரும் மாலை மழை பெரும்பாலும் மேற்கே உள்நாட்டில் திரண்டு கடலை நோக்கி வரும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது முதுகுப் பக்கம். எதிரே வானம் நீலமாகவே இருக்கும். திடீரென்று கடல்காற்று நின்று, ஒரு குளிர்ந்த காற்று நிலத்திலிருந்து பாயும். மழைக்கு முன்னோடியாக வரும் அந்தக் காற்று பத்து நிமிடத்தில் 5 நாட்டிலிருந்து 25, 30-க்கு ஏறும், அதுவும் உங்களைக் கடலுக்குத் தள்ளும் திசையில். ஆகவே மேற்கு வானத்தில் கோட்டை மேகம் எழுவதைப் பார்த்த உடனே கரையேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடி இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டரில். அதுவே மிக அருகில்தான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். திறந்த நீரில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான், கையில் அலுமினியத் துடுப்பு வேறு.

காற்று மாட்டிவிட்டால் செய்ய வேண்டியது: உடனே மண்டியிடுங்கள், பாய்ப்பரப்பு பாதியாகும். போதாவிட்டால் துடுப்பை உடம்புக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக் கையால் தள்ளுங்கள். புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் எந்தக் கரை எளிதோ அங்கே ஏறுங்கள். ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பலாம். எதுவும் முடியாவிட்டால் போர்டை விட்டு நீந்தாதீர்கள். நீர்புகாப் பையில் கைப்பேசி, கழுத்தில் விசில், உடம்பில் லைஃப் ஜாக்கெட். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093.

இனி மண்டபம். பேடில் போர்டுக்கு இதைவிடச் சுவாரஸ்யமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது. ஒடுங்கிய நிலம், வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போர்டை ஆட்டோ கூரையில் கட்டிச் சில நிமிடத்தில் போய்விடலாம். அந்தப் பக்கத்து மீனவர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆகஸ்டில் காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து. ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் குளம்போலக் கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரிவரை வாடைக்காற்றில் நிலைமை தலைகீழ். சுற்றுலாக் குறிப்புகள் எல்லாம் இதோடு நிறுத்திவிடும்: ஆகஸ்டில் வடக்குக் கரைக்குப் போங்கள் என்று.

பொறி அங்கேதான். வடக்குக் கரை அமைதியாக இருப்பதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால். கோவளத்தின் காலை மேல்காற்றைப் பற்றிச் சொன்ன அத்தனையும் இங்கே நாள் முழுக்கப் பொருந்தும், ஆகஸ்டில் தென்காற்று அங்கே 15 நாட்டைத் தாண்டுவது சாதாரணம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று ஏறினால் தள்ளிப்போன இடத்தில் குட்டையான, நெருக்கமான அலை சட்டென்று எழும். ஆனால் அந்த ஆழமின்மைதான் உங்களைக் காப்பாற்றுவதும். வடக்குக் கரையில் வெகுதூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான் பல இடங்களில். கால் ஊன்றி நிற்க முடிகிற ஆழத்தைத் தாண்டுவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கரைக்கு இணையாகப் போங்கள், கடலுக்கு நேராக ஒருபோதும் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் போர்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

பாம்பன் பாலத்தின் அடியில் போய்ப் படம் எடுக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். இரண்டு கடலுக்கும் நடுவே தண்ணீர் அந்த இடுக்கு வழியாகப் பாய்கிறது. புதியவர் துடுப்பு அதற்கு எடுபடாது. தெற்கே தெரியும் தீவுகளுக்கும் போகக் கூடாது. தூத்துக்குடிவரை நீளும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. எல்லைக்குப் பக்கத்துக் கடல் என்பதால், இறங்கும் முன் உள்ளூர்க் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அதுவும் சுதந்திர தினத்தை ஒட்டிப் போகிறீர்கள் என்றால் கட்டாயம். போர்டோடு வந்த, அடியில் மாட்டும் செதில்போன்ற 9 அங்குல ஃபின் அங்கே கடற்புல்லில் சிக்கிக்கொண்டே இருக்கும். நாலைந்து அங்குலத்தில் குட்டையான ஒன்றைத் தனியாக வாங்கி எடுத்துப் போங்கள். வெயிலில் போர்டை முழு அழுத்தத்தோடு மணலில் விட்டுவைக்காதீர்கள், உள்ளே காற்று விரிந்து ஒட்டு பிரியும்.